ஷீட்டு அறுக்கும் தூசி 20 வருஷம் கழித்து மூச்சை அறுக்கும்!

பாக்டரி தொழிலாளிக்கு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு இருக்கிறது. டெல்டா கூரை மேஸ்திரிக்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை

தஞ்சாவூர்–

சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு சேர்ந்ததும் டெல்டா ஊர்களில் கூரை வேலை சூடு பிடிக்கும். சித்திரை வெயில் வருவதற்குள் கீற்றைப் பிரித்துப் போட்டு விட்டு “ஷீட்டு” போட வேண்டும் என்று ஆளாளுக்கு அவசரப்படுவார்கள்.

ஷீட்டு என்றால் சிமெண்டு ஷீட்டு. பத்திரத்தில் எழுதும்போது “ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு”. பழைய தமிழ் வாத்தியார்கள் “கல்நார் கூரை” என்பார்கள்.

பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, பாபநாசம், மன்னார்குடி என்று எந்த ஊருக்குப் போனாலும் ரோட்டு ஓரத்தில் ஷீட்டை அடுக்கி வைத்து விற்கிற கடை ஒன்று கண்ணில் படும். 8 அடி, 10 அடி, 12 அடி என்று அளவு. வீட்டுக்குத் தகுந்த மாதிரி அறுத்துக் கொள்ள வேண்டியதுதான்.

அறுக்கிற இடத்தில்தான் வினை!

வெள்ளை மாவு

மேஸ்திரி ஷீட்டைத் தரையில் போட்டு ஒரு காலால் மிதித்துக் கொள்வார். கையில் கட்டிங் மெஷின். “கர்ர்ர்...” என்று அலறிக் கொண்டு வட்டக் கத்தி இறங்கும். குபீரென்று வெள்ளைப் புகை கிளம்பும். ஐந்து நிமிஷத்தில் அவருடைய தலை, புருவம், மீசை எல்லாம் வெளுத்து விடும்.

பிறகு ஜே போல்ட் மாட்ட டிரில் போடுவார். அதற்கும் மாவு கொட்டும். நேராக நெற்றியில் விழும்.

“என்னண்ணே, மூஞ்சி பூரா மாவா கெடக்கு?”

“சிமெண்டு தூசிதாம்ப்பா. ஆத்துல ஒரு முங்கு முங்கினா போயிடும்.”

எல்லா ஊரிலும் இதுதான் பேச்சு. துண்டை எடுத்து ரெண்டு உதறு உதறி விட்டு டீக்கடைக்குப் போய் விடுவார். விழுந்து கிடக்கிற மாவை சித்தாள் பெண் விளக்குமாறால் பெருக்குவாள். மறுபடியும் புகை கிளம்பும். வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும்.

களத்து மேட்டில் நெல் சுணை பட்டு உடம்பு அரித்தால் ஆற்றில் குளித்தால் போய் விடும். டெல்டாக்காரர்களுக்கு அது பழக்கம். இதையும் அப்படியே நினைத்துக் கொள்கிறார்கள்.

இது குளித்தால் போகாது!

நார் என்ன செய்கிறது?

ஷீட்டில் பெரும் பங்கு சிமெண்டுதான். நூற்றுக்குப் பத்து பங்கு அளவில் கல்நார் சேர்க்கிறார்கள். பூமிக்குள் இருந்து வெட்டி எடுக்கிற கல் அது. ஆனால் நார் நாராகப் பிரியும். தேங்காய் நாரைப் பிரித்தால் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும் அல்லவா? கல்நாரும் அப்படித்தான். தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியதாகப் பிரிந்து கொண்டே போகும். கடைசியில் கண்ணுக்கே தெரியாது. காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். தீயில் எரியாது. மட்காது.

மேஸ்திரியின் மீசையில் தெரிகிற வெள்ளை மாவு கூட அவ்வளவு மோசமில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மூச்சோடு உள்ளே போகிற நார்தான் ஆளைக் கொல்கிறது.

சாதாரண தூசியை உடம்பு சளியாகத் திரட்டி வெளியே தள்ளி விடும். இந்த நாரில் நீளமானதை நுரையீரலின் அடி ஆழத்தில் இருந்து தள்ள முடியாது. கிருமியைத் தின்று தீர்க்கிற அணுக்கள் அதைச் சுற்றி வளைத்துப் பார்த்து விட்டு, தின்ன முடியாமல் அவையே சாகும். அந்த இடம் புண்ணாகும். புண் ஆறி வடுவாகும். வருஷக்கணக்கில் வடு மேல் வடு விழுந்து, பஞ்சு போல இருக்க வேண்டிய நுரையீரல் விறைத்துப் போகும். டாக்டர்கள் இதற்கு “ஆஸ்பெஸ்டோசிஸ்” என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அப்புறம் சமதரையில் நடந்தாலே வாங்கும். விரல் நுனி உருண்டு தடித்து விடும். வடுவை அழிக்க மருந்து கிடையாது.

அதோடு போகவில்லை. நுரையீரல் புற்றுநோய், குரல்வளைப் புற்றுநோய், பெண்களுக்கு சினைப்பை புற்றுநோய் இவை எல்லாம் கல்நாரால் வரும். நுரையீரலைச் சுற்றியிருக்கிற மெல்லிய உறையில் வருவது “மீசோதீலியோமா” என்ற புற்றுநோய். மற்றபடி மிக அபூர்வமான இந்த நோய் கல்நாரோடு ஒட்டிப் பிறந்தது மாதிரி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, எல்லா வகைக் கல்நாரையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. வேலை செய்கிற இடத்தில் கல்நாரைச் சுவாசித்து உலகம் முழுவதும் வருஷத்துக்கு 2 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்பது அதே நிறுவனத்தின் கணக்கு.

இதில் கொடுமை என்னவென்றால், நோய் இன்றைக்கு வராது. 20 வருஷம், 30 வருஷம், சில பேருக்கு 40 வருஷம் கழித்துத்தான் தலை காட்டும். 25 வயதில் அறுத்த ஷீட்டுக்கு 55 வயதில் பில் வருகிறது!

தீக்குப் பயந்து

டெல்டாவில் ஷீட்டு பெருகியதற்கு யாரையும் சட்டென்று குறை சொல்லி விட முடியாது. தீ பார்த்த பூமி இது.

1997-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி தஞ்சை பெரிய கோவில் கும்பாபிஷேக சமயத்தில் யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்தது. 40 பேருக்கு மேல் பலியானார்கள்.

2004-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி கும்பகோணம் காசிராமன் தெருவில் பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரை பற்றி எரிந்தது. சத்துணவு சமையலில் இருந்து கிளம்பிய தீ. 94 பிஞ்சுகள் கருகின. அந்த மூட்டத்தை தஞ்சை மாவட்டம் இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகு தமிழ்நாடு முழுவதும் பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரையை எடுக்க அரசு உத்தரவிட்டது. வீடுகளிலும் கீற்று என்றாலே பயம் வந்தது. கான்கிரீட் போட வசதி இல்லாதவன் என்ன செய்வான்? ஷீட்டு போட்டான். எரியாது, கரையான் அரிக்காது, வருஷா வருஷம் கீற்று மாற்றுகிற செலவு இல்லை.

எரியாது என்ற அந்த ஒரு குணத்துக்காகத்தான் உலகமே கல்நாரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டு ஆடியது. கப்பல், ரெயில் எஞ்சின், பாய்லர் எல்லாவற்றிலும் சுற்றினார்கள். நெல் அவிக்கிற பாய்லர் கதவு இடுக்கிலும், நீராவிக் குழாயிலும் கல்நார் கயிறு வைத்து அடைப்பது ஒரு காலத்துப் பழக்கம்.

இங்கிலாந்தில் முதல் சாவு

இந்த விஷயம் நேற்று கண்டுபிடித்தது அல்ல. 100 வருஷம் ஆகிறது.

இங்கிலாந்து நாட்டில் ராச்டேல் என்ற ஊர். அங்கே “டர்னர் பிரதர்ஸ்” என்ற கல்நார் கம்பெனி. நெல்லி கெர்ஷா என்ற பெண் சிறு வயதிலேயே கல்நார் நூற்கிற வேலைக்குச் சேர்ந்தாள். மூச்சுத் திணறல் வந்து வேலையை விட்டாள். 1924-ம் ஆண்டு மார்ச் மாதம் இறந்தாள். வயது 33.

கூக் என்ற டாக்டர் அவளுடைய நுரையீரலைப் பரிசோதனை செய்தார். உள்ளே கல்நார் துணுக்குகள்! கல்நார் நோயால் செத்தாள் என்று மருத்துவப் பத்திரிகையில் ஆதாரத்தோடு எழுதப்பட்ட முதல் கேஸ் இதுதான். கம்பெனியோ நஷ்டஈடு தர முடியாது என்று கையை விரித்து விட்டது. சவ அடக்கச் செலவுக்குக் கூட காசு தரவில்லை. பெயர் எழுதாத குழியில் புதைத்தார்கள்.

1931-ல் இங்கிலாந்து சர்க்கார் கல்நார் பாக்டரிகளுக்குத் தூசிக் கட்டுப்பாடு விதிகள் கொண்டு வந்தது. சரியாக மூன்று வருஷம் கழித்து, 1934-ல், அதே டர்னர் குழுமத்தின் சிமெண்டு ஷீட்டு கம்பெனி இந்தியாவில் கால் வைத்தது. மத்திய பிரதேசத்தில் கைமூரில் ஆரம்பித்து, பிறகு கல்கத்தா, பம்பாய், கோவை போத்தனூர் என்று பாக்டரிகள் வந்தன. தூசி கெட்டது என்று தெரிந்த பிறகு வந்த தொழில் என்பதைக் கவனிக்க வேண்டும்!

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

இந்தியத் தொழிலாளிகளுக்காக அகமதாபாத்தைச் சேர்ந்த நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் 1986-ல் சுப்ரீம் கோர்ட்டில் ரிட் மனு போட்டது. 1995-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி தீர்ப்பு வந்தது. நீதிபதி கே.ராமசாமி தீர்ப்பை எழுதினார்.

தொழிலாளியின் ஆரோக்கியம் அவனுடைய உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்று கோர்ட்டு சொன்னது. கல்நார் பாக்டரிகளுக்கு உத்தரவும் போட்டது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் உடல்நலக் கணக்கு எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்ட பிறகு 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை அந்தக் கணக்கைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எல்லோருக்கும் கட்டாய இன்சூரன்ஸ். குஜராத் தொழிலாளிகளை அகமதாபாத்தில் உள்ள தேசிய தொழில் சுகாதார நிறுவனத்துக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும். நோய் இருந்தால் 1 லட்சம் ரூபாய் நஷ்டஈடு.

எதற்காக 40 வருஷம்? நோய் அவ்வளவு தாமதமாக வரும் என்பது கோர்ட்டுக்குத் தெரிந்திருந்தது. காகிதம் இல்லாவிட்டால் “நீ எங்களிடம் வேலை செய்தாயா?” என்று கம்பெனி கேட்கும் என்பதும் தெரிந்திருந்தது.

தீர்ப்பு எந்த அளவுக்கு அமலானது என்பது வேறு கதை. கல்நாரையே தடை செய்யக் கோரிய இன்னொரு மனுவை அதே சுப்ரீம் கோர்ட்டு 2011-ம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி தள்ளுபடி செய்தது. தடை செய்வது சட்டம் இயற்றுகிறவர்கள் வேலை என்று சொல்லி விட்டது. ஆனாலும் 1995 தீர்ப்பின் கட்டளைகளை அமல்படுத்த வேண்டும் என்று மீண்டும் வற்புறுத்தியது.

கணக்கில் வராத ஆள்

இப்போது பட்டுக்கோட்டைக்கோ பாபநாசத்துக்கோ திரும்பி வருவோம்.

பாக்டரியில் ஷீட்டை ஈரமாக இருக்கும்போதே உருட்டி வார்க்கிறார்கள். தூசி உறிஞ்சும் குழாய் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் வருகிறார். வெளியே வந்த பிறகு அதே ஷீட்டை வெயிலில் காய்ந்த நிலையில் மெஷினால் அறுப்பவர் நம்ம மேஸ்திரி. அவருக்கு இன்ஸ்பெக்டர் இல்லை. இ.எஸ்.ஐ. இல்லை. 40 வருஷக் கணக்கு எழுத முதலாளி யார்? இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு ஒரு மாட்டுக் கொட்டகை, மறுநாள் ஒரு ரைஸ் மில். ஆயிரம் வீட்டுக்காரர்கள் அவருக்கு முதலாளி.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. நல்ல காரியம். அட்டை வாங்கியவருக்குப் பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, விபத்தில் இறந்தால், இயற்கையாக இறந்தால் என்று உதவி வருகிறது. கல்நார் தின்ற நுரையீரலோடு இறக்கிற மேஸ்திரி எந்தக் கணக்கில் போவார்? இயற்கை மரணம்தான்!

ஷீட்டின் மேல் ஏறி மிதித்து, அது உடைந்து கீழே விழுந்து செத்தால் போலீசார் வழக்கு போடுவார்கள். பேப்பரில் இரண்டு வரி வரும். மூச்சு மூச்சாகச் சாகிறவனுக்கு அதுவும் கிடையாது.

டி.பி.யா? பீடியா?

தஞ்சை மாவட்டத்தில் விடாத இருமல் என்றால் முதலில் வாயில் வருகிற வார்த்தை டி.பி. செங்கிப்பட்டி டி.பி. ஆஸ்பத்திரி பெயர் இந்தப் பக்கத்துக் கிழவிகளுக்குக் கூடத் தெரியும். மேஸ்திரிக்கு 55 வயதில் இருமல் வந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்? “பீடியை விட்டொழிங்கன்னு எத்தனை தடவ சொன்னேன்?” என்று சம்சாரம் திட்டுவாள். சளியைச் சோதிப்பார்கள். டி.பி. இல்லை என்று வரும். “ஸ்மோக்கர்” என்று சீட்டில் எழுதி விட்டால் முடிந்தது.

பீடி குற்றவாளி இல்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் பாய்லர் குழாய்க்குக் கல்நார் சுற்றும் தொழிலாளிகள் 17 ஆயிரத்து 800 பேரை செலிகாப் என்ற டாக்டர் தன் குழுவோடு வருஷக்கணக்கில் கவனித்தார். 1979-ல் வந்த கணக்கு இது: புகையும் இல்லாமல் கல்நாரும் இல்லாமல் வாழ்கிறவனை விட, கல்நாரில் மட்டும் உழன்றவனுக்கு நுரையீரல் புற்றுநோய் சாவு 5 மடங்கு. புகை மட்டும் பிடிப்பவனுக்கு 11 மடங்கு. இரண்டும் சேர்ந்தவனுக்கு 53 மடங்கு!

ஷீட்டு அறுத்து விட்டு மர நிழலில் உட்கார்ந்து பீடி பற்ற வைக்கிறவர் இந்த மூன்றாவது ரகம்.

எனவே ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், டாக்டர் கேட்காவிட்டாலும், “நான் இத்தனை வருஷம் ஷீட்டு அறுத்திருக்கிறேன்” என்று வாய் விட்டுச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே பார்க்கிற கண்ணுக்கு அந்த ஒரு வார்த்தை வழி காட்டும்.

சம்சாரத்துக்கும் ஆபத்து உண்டு. வெளிநாடுகளில் பாக்டரி வாசலையே மிதிக்காத பெண்களுக்கு மீசோதீலியோமா வந்திருக்கிறது. செய்த பாவம், புருஷனின் வேலை உடுப்பை உதறித் துவைத்தது!

தேயிலையில் ஒரு வண்டு

60-க்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்து விட்டன. இங்கிலாந்து 1999-ல், ஆஸ்திரேலியா 2003 கடைசியில், ஐரோப்பிய யூனியன் முழுவதும் 2005-ல். பக்கத்தில் இருக்கிற நேபாளமும் 2015-ல் தடை செய்தது. அமெரிக்கா 2024 மார்ச்சில்தான் மிச்சம் இருந்த வெள்ளைக் கல்நாருக்கும் தடை அறிவித்தது.

இந்தியாவின் கதை விசித்திரம். இங்கே 1986 முதல் கல்நார் சுரங்கத்துக்குப் புது குத்தகை இல்லை. 1993 முதல் பழைய குத்தகையும் புதுப்பிப்பதில்லை. கடப்பா மாவட்டம் புலிவெந்தலாவில் தோண்டியது எல்லாம் பழைய கதை. நம் மண்ணில் தோண்டக் கூடாது; ரஷியாவில் தோண்டியதைக் கப்பலில் வரவழைத்து ஷீட்டு செய்யலாம்! ரஷியாவில் அந்தச் சுரங்கம் இருக்கிற ஊருக்குப் பெயரே “அஸ்பெஸ்ட்”. கல்நார் இறக்குமதியில் உலகத்திலேயே முன்னணியில் இருப்பது இந்தியாதான்.

வேதாரண்யத்துக்கு எதிர்க்கரையில் இலங்கையில் என்ன நடந்தது தெரியுமா? கல்நாரைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக அந்த நாடு அறிவித்தது. 2018 ஜனவரியில் கட்டுப்பாடு ஆரம்பம் என்று நாள் குறித்தார்கள். 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைச் சரக்கில் ஒரு வண்டு இருந்தது என்று சொல்லி ரஷியா தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. இலங்கை கல்நார் தடையை ஒத்திப் போட்டது. அந்த மாதக் கடைசியிலேயே ரஷியா தேயிலையை மறுபடி வாங்கச் சம்மதித்தது. வண்டு எங்கே போயிற்றோ!

தண்ணீர் ஒரு குடம்

கூரையில் உடையாமல், அசையாமல் கிடக்கிற ஷீட்டைப் பார்த்து யாரும் இன்று இரவே வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. அது வெளியே விடுகிற நார் குறைவு. வெயிலிலும் மழையிலும் பொரிந்து போன பழைய ஷீட்டு, அறுக்கிற ஷீட்டு, டிரில் போடுகிற ஷீட்டு, உடைக்கிற ஷீட்டு, பாசி போக பிரஷ் போட்டுத் தேய்க்கிற ஷீட்டு இவைதான் வில்லன்கள்.

அறுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மெஷினை ஓரங்கட்டி விட்டு, ஷீட்டைத் தண்ணீர் விட்டு நன்றாக நனைத்து, கைரம்பத்தால் மெதுவாக அறுக்கலாம். நேரம் பிடிக்கும். மேஸ்திரிக்குக் கூலி கொஞ்சம் கூட ஆகும். கொடுக்கலாம்! விழுந்த மாவை உலர்ந்த விளக்குமாறால் பெருக்கவே கூடாது. ஈரத் துணியால் வழித்து, பையில் போட்டுக் கட்ட வேண்டும். வேலை உடுப்பை உதறாமல் தண்ணீரில் முக்கி தனியாகத் துவைக்க வேண்டும். முகத்தில் கட்டுகிற துண்டும், கொரோனா காலத்துத் துணி மாஸ்க்கும் இந்த நாரைத் தடுக்காது. இதற்கென்றே பில்டர் வைத்த முகமூடி விற்கிறது. சித்திரை வெயிலில், கூரை மேல், அதைப் போட்டுக் கொண்டு ஒரு மணி நேரம் வேலை செய்து பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆனாலும் வேறு வழி இல்லை.

புதிதாகக் கூரை போடுகிறவர்களுக்கு ஓடு இருக்கிறது, இரும்பு கலர் ஷீட்டு இருக்கிறது, கல்நார் கலக்காத சிமெண்டு ஷீட்டும் தயாராகிறது. கேரள மனித உரிமைக் கமிஷன் 2009-லேயே பள்ளிக்கூடங்களில் இருந்து கல்நார் கூரையை எடுக்கச் சொல்லி விட்டது.

கஜா போட்ட குப்பை

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே “கஜா” புயல் கரை ஏறியது. பேராவூரணி, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி பக்கம் லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்தது. ஷீட்டுக் கூரைகள் அப்பளமாக நொறுங்கின. விடிந்ததும் சனங்கள் செருப்பில்லாத காலோடு, வெறும் கையால் உடைந்த துண்டுகளை அள்ளி ஓரம் கட்டினார்கள். சோறும் தண்ணீரும் இல்லாத நேரத்தில் தூசியை யார் பார்ப்பார்கள்?

பாக்டரியில் இருந்து வெளியேறும் கல்நார் கழிவு 2016-ம் வருட விதிப்படி அபாயகரமான கழிவு. அதற்கென்று உள்ள கிடங்கில்தான் புதைக்க வேண்டும். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட கிடங்கு கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. பேராவூரணியில் இருந்து லாரி வைத்து அதை அங்கே யார் கொண்டு போவது? உடைந்த ஷீட்டுக்கு ஊரில் ஆயிரம் உபயோகம். கோழிக் கூண்டுக்கு மேல் ஒரு துண்டு, வாய்க்கால் மடைக்கு அடைப்பாக ஒரு துண்டு, குளிக்கிற இடத்துக்கு மறைப்பாக ஒரு துண்டு. மிச்சத்தைச் சம்மட்டியால் தட்டி, சேறான கொல்லைப் பாதையில் கொட்டி மிதித்து விடுவார்கள். டிராக்டர் ஏறி இறங்க ஏறி இறங்க, கோடையில் அந்தப் பாதையில் வெள்ளையாகப் புழுதி பறக்கும்.